லிஃப்ட் நின்ற நாற்பத்தொரு நிமிடம்

சரிபார்க்க முடிந்தவற்றை மட்டுமே இங்கு எழுதுகிறேன். நடந்ததை இதற்கு முன் மூவரிடம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறேன். மூன்று முறையும் அது சற்றே மாறியது. ஒவ்வொரு முறையும் எனக்குச் சாதகமாகவே மாறியது. மூன்றாம் முறை, என் மனைவியின் தங்கையிடம் தொலைபேசியில், "ஒரு இருபது நிமிஷம் மாட்டிக்கிட்டா" என்றேன். அருகில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமல், "நாப்பத்தொண்ணு" என்றாள். சினமின்றி, ஒரு பிழையைத் திருத்தும் குரலில் சொன்னாள். பிழை திருத்துவது என் தொழில். அலுவலகங்கள் அனுப்பும் அறிக்கைகளையும் பாடநூல்களையும் வீட்டிலிருந்தபடியே படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். பிறர் எழுத்தில் ஓர் எண் பிழைபட்டால் விடாத நான், என் சொந்த எண்ணைப் பாதியாக்கிச் சொல்லியிருந்தேன்.

ஆகவே இதற்கு ஆதாரங்களை வைத்துக்கொண்டேன். ஒன்று, எங்கள் இருவர் கைப்பேசிகளிலும் உள்ள அழைப்புப் பட்டியல். இன்னொன்று, நான் ஆடிய ஆட்டங்களின் தொடக்கமும் முடிவும் நிமிடக் கணக்கில் பதிந்திருந்த விளையாட்டுச் செயலி. மற்றொன்று, எங்கள் குடியிருப்பின் காவலர் எழுதும் குறிப்பேடு. இவற்றில் இல்லாதவற்றை, உடனிருந்தவர் சொல்லி நான் கேட்டவை என்று குறித்தே எழுதுகிறேன்.

பூந்தமல்லிப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரும் தொலைவில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. நான்கு மாடி, நாங்கள் நான்காவதில். என் மனைவி ஒரு தனியார் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலை ஏழு மணிக்குப் போனால் பிற்பகல் மூன்றுக்குத் திரும்புவாள். அதுவரை வீட்டில் நான் தனியே இருப்பேன். படித்துக் கண் களைத்த ஒரு நாளில், ஓய்வுக்காகக் கைப்பேசியில் கேரம் ஆடத் தொடங்கினேன்.

ஆட்டம் எளியது. முகம் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ எதிரே அமர்வார். ஓர் ஆட்டம் ஐந்தாறு நிமிடத்தில் முடியும். அடிப்பதற்குச் சில நொடிகள்தான் தரப்படும். தவறினால் முறை போய்விடும். இடையில் எழுந்து போனால் தோல்வி. தொடர்ந்து வென்றால் பெயருக்கு அருகில் ஒரு சிறு தீச்சுடர் எரியும். அதற்குள் வெற்றிகளின் எண்ணிக்கை தெரியும். ஒரு தோல்வி போதும், சுடர் அணைந்துவிடும். அதில் பணம் இல்லை, பரிசு இல்லை. அந்தச் சுடர் மட்டும்தான்.

முதல் மாறுதலை என் கண்களில் உணர்ந்தேன். பேருந்து நிலையத்தில் நிற்கும்போது, எந்த வண்டி எந்தத் தூணில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று மனம் கோடு இழுத்தது. தட்டில் இருக்கும் இட்லிகளில் எதைத் தள்ளினால் எது விளிம்புக்குப் போகும் என்று பார்த்தது. திருத்த வேண்டிய பக்கத்தில் எழுத்துகளின் மேலுள்ள புள்ளிகள் காய்களாகத் தெரிந்தன. இவற்றை நான் விரும்பிச் செய்யவில்லை. நிறுத்த முயன்றபோது நிற்கவும் இல்லை. இரண்டாவது மாறுதலை நான் உணரவில்லை. என் மனைவிதான் கண்டுபிடித்தாள். நான் ஆடும்போது எனக்குக் காது கேட்கிறது, ஆனால் சொல் உள்ளே போவதில்லை என்பது அவளுடைய முடிவு. அதைச் சோதிக்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள்.

"என்னங்க, சாம்பார்ல தேள் விழுந்துடுச்சு."

"ம்."

"எடுத்துப் போடவா, இல்ல அப்படியே கொதிக்கட்டுமா?"

"உன் இஷ்டம்."

அடுக்களையிலிருந்து அவள் சிரித்த சிரிப்பில்தான் நான் நிமிர்ந்தேன். அன்று முதல் அது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. ஒவ்வொரு நாளும் நடக்கவே முடியாத ஒன்றைச் சாதாரணக் குரலில் சொல்வாள். பால்கனியில் யானை நிற்கிறது, துணி உலர்த்த இடமில்லை என்று ஒருநாள் சொன்னாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேனாம். என் பதிலைக் கீழே வாசலருகே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெண்மணியிடம் போய்ச் சொல்வாள். இருவரும் சிரிப்பது நான்காம் மாடிக்குக் கேட்கும். மறுநாள் நான் துணி கொடுக்கப் போனால் அந்தப் பெண்மணி, "இன்னா சார், ஆனைய எறக்கி உட்டியா?" என்பாள். நானும் சிரிப்பேன். எனக்கு அதில் குற்றவுணர்வு இருக்கவில்லை. கேலி செய்யும் அளவுக்கு எங்களுக்குள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எங்கள் லிஃப்டில் அவசர மணி ஒன்று இருந்தது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் நாள் முழுவதும் அதை அழுத்தி விளையாடினார்கள். மணி ஒலித்தால் யாரும் எழுந்து பார்ப்பதில்லை என்ற நிலை வந்தபின், குடியிருப்போர் கூட்டத்தில் அதன் கம்பியைக் கழற்றிவிட முடிவாயிற்று. அந்த முடிவை அறிவிக்கும் தாளை எழுதிக் கொடுத்தவன் நான். பிழையில்லாமல் எழுதியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை. காவலரின் குறிப்பேட்டில் இரண்டு வரிகள் இருக்கின்றன: "3.05 கரண்ட் இல்ல." அதன்கீழ், "3.46 லிஃப்ட் தொறந்தாச்சு, 4வது மாடி மேடம்." இடையில் தண்ணீர் லாரி வந்ததைப் பற்றி ஒரு வரி.

மின்சாரம் நின்றபோது என் மனைவி லிஃப்டுக்குள் இருந்தாள். மூன்றாம் மாடியைக் கடந்து நான்காவதை எட்டுவதற்குள் அது நின்றுவிட்டது. ஜெனரேட்டர் ஓடவில்லை. பழைய வகை லிஃப்ட். மடக்குக் கதவு உள்ளது. எதிரே சுவர். தலைக்கு மேலே மட்டும் நான்காம் மாடித் தரையின் விளிம்பில் ஒரு கை அகலத்துக்கு இடைவெளி இருந்தது.

வீட்டில் எனக்கு மின்சாரம் போனது தெரியவில்லை. இன்வெர்ட்டர் இருந்ததால் மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. காற்றுக்காக மரக்கதவைத் திறந்து, வெளியிலுள்ள கிரில் கதவை மட்டும் சாத்தியிருந்தேன். அதற்கும் லிஃப்டுக்கும் இடையே ஏழு அடி. பின்னர் நாடா வைத்து அளந்தேன்.

இனி வருபவை கைப்பேசியில் உள்ளவை. 3.07க்கு என் மனைவியிடமிருந்து அழைப்பு: நிராகரிக்கப்பட்டது. 3.08க்கு அழைப்பு: நிராகரிக்கப்பட்டது. 3.10க்கு ஒரு செய்தி: "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். இருட்டா இருக்கு. வாங்க." 3.15க்கு அழைப்பு: நிராகரிக்கப்பட்டது. 3.21க்கு அழைப்பு: நிராகரிக்கப்பட்டது. எடுக்காமல் விடப்பட்ட அழைப்புக்கும் நிராகரிக்கப்பட்ட அழைப்புக்கும் கைப்பேசி வெவ்வேறு குறி இடுகிறது. எடுக்காமல் விட்டதற்கு அசட்டை காரணமாக இருக்கலாம். நிராகரிக்க ஒரு விரல் வேண்டும். நான்கு முறை என் விரல் சென்று அந்தச் சிவப்பைத் தொட்டிருக்கிறது. ஆட்டத்தின் நடுவே அழைப்பு வந்தால் பெயர் திரையின் மேற்பகுதியில் ஒரு பட்டையாகத் தோன்றி, எதிராளியின் பக்கத்துக் காய்களை மறைக்கும். அடிக்க வேண்டிய நொடிகள் குறைந்துகொண்டிருக்கும். அதைத் தள்ளிவிட என் விரல் எப்போது பழகிக்கொண்டது என்று எனக்கு நினைவில்லை.

விளையாட்டின் பதிவு சொல்வது இது: மூன்று மணி தொடங்கி 3.44 வரை எட்டு ஆட்டங்கள். முதல் ஐந்தும் வெற்றி. ஐந்தாவது 3.25க்கு முடிந்தது, அதுதான் தொடர்ந்து வந்த இருபதாவது வெற்றி. அன்று இரவு என் மனைவியிடம், இருபதை எட்டப்போகும் வேளை, அதனால் கவனிக்கவில்லை என்று சொல்லியிருந்தேன். பதிவைப் பார்த்தபின் அந்த வாதம் நிற்கவில்லை. இருபதை எட்டிய பின்னும் ஆடியிருக்கிறேன். 3.31க்குத் தோற்றேன். சுடர் அணைந்தது. வென்றவர் ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பினார். அவருடைய படமாக ஒரு கலங்கரை விளக்கம் இருந்தது. அவரையே மீண்டும் ஆட்டத்துக்கு அழைத்தேன், 3.38க்கு மறுபடியும் தோற்றேன். மறுபடியும் அதே முகம். மூன்றாம் முறையும் அழைத்தேன். அந்தச் சிரிப்பு என்னை எவ்வளவு எரித்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சான்று இல்லாவிட்டாலும் ஐயமின்றிச் சொல்லக்கூடிய ஒரே உணர்ச்சி அதுதான். ஏழடி தொலைவில் என் மனைவி இருட்டில் நின்றுகொண்டிருந்தபோது, யாரென்றே அறியாத ஒருவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது எனக்குப் பெரிதாக இருந்தது.

3.24க்கு என் மனைவி இஸ்திரிப் பெண்மணியை அழைத்திருக்கிறாள். அந்த உரையாடலை இருவருமே எனக்குச் சொன்னார்கள். இருவர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்க்கா. வாட்ச்மேன கொஞ்சம் கூப்பிடுங்க."

"ஐயய்யோ. சாரு ஊட்ல இல்லியா?"

"இல்ல, வெளிய போயிருக்கார்."

அதனால் யாரும் எங்கள் கதவைத் தட்டவில்லை. காவலர் பின்புறம் தண்ணீர் லாரிக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தார். மேல்தளத்திலுள்ள லிஃப்ட் இயந்திர அறையின் சாவி குடியிருப்போர் சங்கச் செயலரிடம் இருந்தது. அவர் நசரத்பேட்டைக்குப் போயிருந்தார். அவர் வண்டியில் திரும்பி வரும்வரை இஸ்திரிப் பெண்மணி மூன்றாம் மாடியில் நின்று, "தோ வந்துனே கீறாரு யக்கா, பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். செயலர் வந்து, காவலருடன் மேல்தளத்துக்கு ஏறினார். அவர்கள் பின்னால் நான்காம் மாடிக்கு வந்த அந்தப் பெண்மணிக்கு ஓர் ஒலி கேட்டது. ஸ்ட்ரைக்கர் காயில் மோதும் ஒலி. கிரில் கதவு வழியே பார்த்தாள்.

"இன்னா சார், ஊட்லயேவா கீற?"

நான் நிமிர்ந்தேன்.

"யக்கா உள்ள மாட்டிக்கினு அயிதுனு கீது. நீ இங்க குந்திகினு கேரம் ஆடுற? வெளிய பூட்டாருன்னு சொல்ச்சே அது!"

அதற்கு நான் "ஒரு நிமிஷம்" என்றேன் என்கிறாள். எனக்கு நினைவில்லை, ஆனால் அவள் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. பதிவில் எட்டாவது ஆட்டத்துக்கு நேரே, 3.44, "ஆட்டத்தைக் கைவிட்டார்" என்றிருக்கிறது.

மேல்தளத்தில் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மேலே ஏற்றினார்கள். மடக்குக் கதவு திறந்தது. என் மனைவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். முகம் கழுவியது போல வியர்த்திருந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். கைப்பேசி அதில் இருந்தது. வீட்டுக்குள் போய் இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். இஸ்திரிப் பெண்மணி வாசலில் நின்று, "நல்ல ஊடு சார் உன்து" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அதன்பின் யானையைப் பற்றி அவள் கேட்டதில்லை.

நான் அன்றே அந்தச் செயலியை நீக்கிவிட்டதாக இரண்டு பேரிடம் சொன்னேன். ஒன்பது நாள் கழித்தே நீக்கினேன். அந்த ஒன்பது நாளும், மனைவி வேலைக்குப் போனபின், ஆடினேன். ஒலியைக் குறைத்து வைத்து ஆடினேன். சுடரை மறுபடி ஏற்ற வேண்டும் என்றுதான் தொடங்கினேன். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும், அழைப்பு வந்தால் இப்போது எடுத்துவிடுவேன் என்று எனக்கு நானே மெய்ப்பிக்கக் காத்திருந்தேன் என்றும் தோன்றுகிறது. ஒன்பது நாளில் ஓர் அழைப்பும் வரவில்லை. அவள் வேலையிடத்திலிருந்து என்னை அழைப்பதை நிறுத்தியிருந்தாள்.

நீக்கிய பிறகும் விரல் ஓயவில்லை. வேலை செய்யும் மேசையின் விளிம்பில் கட்டைவிரலால் எதையோ சுண்டிக்கொண்டிருப்பதைக் கண்டு நிறுத்துவேன். மின்விசிறி ஓடினாலும், மின்சாரம் இருக்கிறதா என்று எழுந்து, இன்வெர்ட்டரில் சேராத ஒரு விளக்கின் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பேன். கைப்பேசி அதிராதபோதும் அதிர்ந்ததாகத் தோன்றி எடுத்துப் பார்ப்பேன். எவர் அழைத்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். கடன் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.

என் மனைவி அதன்பின் லிஃப்டில் ஏறவில்லை. முழங்கால் வலியோடு நான்கு மாடி ஏறுகிறாள். சங்கத்தில் நான் கேட்டுக்கொண்டு மணியின் கம்பியை மீண்டும் இணைக்கச் செய்தேன். அவளிடம் சொன்னேன். "நல்லது, மத்தவங்களுக்கு உதவும்" என்றாள். அடுக்களையிலிருந்து வரும் வாக்கியங்கள் எல்லாம் இப்போது நடக்கக்கூடியவை. பால் வாங்க வேண்டும். சிலிண்டர் வந்தது. நான் முழுக் கவனத்துடன் கேட்கிறேன். தேளோ யானையோ வருகிறதா என்று ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருக்கிறேன். வருவதில்லை.

ஏறத்தாழ நான்கு மாதம் கழித்து, ஒரு மாலை, காய்கறிப் பையோடு இருவரும் படியேறிக்கொண்டிருந்தோம். மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவள் மூச்சு வாங்க நின்றாள். பையை வாங்கிக்கொண்டேன்.

"அன்னிக்கு உங்க செருப்பு தெரிஞ்சுதுங்க" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"மேல கொஞ்சம் சந்து இருந்துச்சில்ல. அதுல பாத்தா நம்ம செருப்பு ஸ்டாண்டு. உங்க செருப்பு இருந்துச்சு. அப்புறம் அந்தச் சத்தம். டொக்கு டொக்குன்னு. ரெண்டு தடவை கத்திக்கூடப் பாத்தேன்."

"என்னன்னு கத்தின?"

"என்னங்கன்னுதான். வேற என்னன்னு கத்துவேன்?"

"அப்புறம் ஏன் அவங்ககிட்ட நான் வெளிய போயிருக்கேன்னு சொன்ன?"

அவள் படியைப் பார்த்தாள். "வீட்ல இருக்கார், வரமாட்டேங்கிறார்னு சொல்ல முடியுமா?"

கீழிருந்து யாரோ லிஃப்டை அழைத்தார்கள். அது எங்களைக் கடந்து இறங்கிப் போனது. அது போகும்வரை அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். நான் அனுப்பினதப் படிச்சிட்டு, வழக்கமா சொல்ற மாதிரி கேலிக்குச் சொல்றேன்னு நெனச்சிட்டீங்களா?"

நான்கு மாதமாக நானே எனக்குச் சொல்லிக்கொள்ள எண்ணிய காரணம் அது. செய்தியைப் பார்த்துப் புன்னகைத்தது போல ஒரு நினைவும் எனக்கு இருக்கிறது. ஆனால் அந்த நினைவு அன்றே இருந்ததா, குற்றத்தைக் குறைக்கப் பின்னால் நான் செய்துகொண்டதா என்று பிரித்தறிய முடியவில்லை. பட்டையாக வந்து மறையும் செய்தியைக் கைப்பேசி படித்ததாகக் குறிப்பதில்லை. அது படித்ததாகக் குறித்தது 3.52க்கு, அவள் உள்ளே படுத்திருந்தபோது. ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவள் அதைக் கேட்கத்தான் நின்றிருந்தாள் என்றும் தோன்றியது. எங்கள் பழைய வழக்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருவரும் மேலே ஏறியிருக்கலாம்.

"ஆமான்னு சொன்னா எனக்கு வசதி" என்றேன். "உண்மையிலேயே தெரியல."

"என் பேரைப் பாத்துத்தான் கட் பண்ணீங்களா?"

"அதுவும் தெரியல."

அவள் கையை நீட்டினாள். பைக்காக என்று எண்ணிக் கொடுத்தேன்; பைக்காகத்தான் நீட்டியிருந்தாள். வாங்கிக்கொண்டு ஏறத் தொடங்கினாள்.

தெரிந்தவை அனைத்தையும் எழுதிவிட்டேன். கலங்கரை விளக்கத்தைப் படமாக வைத்திருந்தவர் யாரென்று தெரியாது. மின்சாரம் ஏன் நின்றது என்பதற்கு மூன்று காரணம் சொன்னார்கள். எது சரியென்று தெரியாது. அவள் இரண்டு முறை அழைத்த குரல் என் காதில் விழுந்ததா என்று தெரியாது. நான்கு முறை நான் தள்ளியது அவள் பெயரைப் படித்த பின்பா, படிக்காமலா என்று தெரியாது. என் பதிலை அவள் நம்பினாளா என்பதும் தெரியாது, நான் கேட்கவில்லை.